ஹெரால்டின் கூண்டில் பதினொரு ஓட்டை

செய்து முடித்த வேலையைக் கெடுத்தவன் என்று போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். உதிரிபாகக் கடைக்குள் நான் நுழைந்தால் ஒருவர் இன்னொருவருக்குக் கண்ணைக் காட்டுகிறார். "டிரில் மாஸ்டர் ஆ கயா" என்று, அதாவது வந்துவிட்டார் என்று, ஒருநாள் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. நாலு பேர் சிரித்தார்கள். வாங்க வந்த வெல்டிங் கம்பியை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், கெடுத்தேன். புதுப் பெயின்ட் அடித்து, கப்பலில் ஏற்றத் தயாராக நின்ற ஒரு ரேஸ் காரின் இரும்புக் கூண்டில் பட்டப்பகலில் டிரில் மிஷினால் பதினொரு ஓட்டை போட்டேன். பொறாமையில் போட்டேன் என்கிறார்கள். வேலையை வேறொருவரிடம் கொடுத்த கோபத்தில் போட்டேன் என்கிறார்கள். நான் அன்று பதறிப்போய்த்தான் போட்டேன். கோபம் அப்புறம்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

எனக்கு பெரார்கஞ்சில் ரோட்டை ஒட்டி ஒரு ஷெட் இருக்கிறது. பின்னால் நெல் வயல். டிங்கரிங், வெல்டிங், சேஸிஸ் வேலை. இந்தத் தீவில் உப்புக் காற்றும் எட்டு மாத மழையும் இருக்கிறவரை எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. காரின் அடித்தகரத்தை இரண்டு வருஷத்தில் துரு தின்றுவிடும். என் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். அங்கே ஐந்தாவது வரை படித்தேன். பதினாலு வயதில் போர்ட் பிளேருக்குக் கப்பலேறி ஒரு டிங்கர் ஷெட்டில் சேர்ந்தேன். முப்பத்து நாலு வருஷமாக இரும்போடுதான் பழக்கம். இரும்பு நம்மிடம் பதில் கேட்பதில்லை, அது எனக்கு வசதி.

அந்த கார் ஒரு கான்ட்ராக்டருடையது. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். படிக்கட்டு, பாலம், ஜெட்டி, பள்ளிக்கூடம் என்று தீவு முழுக்க வேலை எடுத்துச் செய்கிறவர். நானும் பல வருஷம் அவருக்கு வெல்டிங் வேலை செய்திருக்கிறேன். ஊரைவிட்டுப் போன ஒரு பெரிய அதிகாரியிடம் அவர் அந்தக் காலத்தில் வாங்கிய பழைய ஹெரால்டு, அவர் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் வெகுகாலம் கிடந்தது. மெட்ராஸில் செய்த கார். முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாக ரோட்டைப் பார்த்துக் கவிழும். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் மூடியோடு சேர்ந்தே வந்துவிடும். எஞ்சினுக்கு நாலு பக்கமும் நின்று வேலை பார்க்கலாம். டிங்கருக்குப் பிடித்த கார் அது.

கான்ட்ராக்டருக்கு ஒரே மகள். சென்னையில் வேலை பார்க்கிறாள். பழைய கார்களுக்கென்றே அங்கே ரேஸ் நடக்கிறதாம். புதுக் கார் எதையும் அதில் விடமாட்டார்கள். எஞ்சின் அந்தக் காலத்தது, உருவம் அந்தக் காலத்தது. ஆனால் ஓட்டுகிறவரின் உயிரைக் காக்கிற சாமான்கள் மட்டும் இந்தக் காலத்துச் சட்டப்படி இருக்க வேண்டும். அந்தப் பெண் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டாள். வேறு யாருடைய காரோ வேண்டாம், வீட்டில் கிடக்கிற ஹெரால்டே போதும் என்றாள். கான்ட்ராக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "சென்னைல செய்யச் சொல்றாங்க. எதுக்கு? நம்ம தீவுல செஞ்ச வண்டி அங்க போயி ஓடட்டும்யா" என்று என் ஷெட்டுக்கே கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நாலு மாதம் அந்த வேலை. சீட்டு, மேட், கதவுக்குள் இருந்த கண்ணாடி இறக்கும் சாமான் எல்லாவற்றையும் கழற்றினோம். தரையில் சத்தம் வராமலிருக்க அந்தக் காலத்தில் பூசியிருந்த தார் மாதிரியான பூச்சைச் சுரண்ட மட்டும் ஆறு நாள் ஆனது. சுரண்டினால் கீழே தகரம் இல்லை, துரு மட்டும் இருந்தது. சேஸிஸின் பக்கக் கைகளைப் புதிதாகச் செய்தேன். பின் ஸ்பிரிங்கைத் தாழ்த்தினேன். இரட்டைக் கார்புரேட்டர், பெல்ட்டு, ஓட்டுகிறவர் சீட்டு, தீயணைக்கிற சிலிண்டர் எல்லாம் சென்னையிலிருந்து வந்தன.

அந்தப் பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். ரேஸ்காரர்களின் சட்டப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லி அனுப்பினாள்.

"மாமா, கூண்டுதான் முக்கியம். இந்த வண்டிக்கு வளைவுல பின் வீல் உள்பக்கமா மடங்கும்ல, அப்ப குப்புன்னு உருண்டுரும். கூரைய நம்ப முடியாது. அது சும்மா நட்டு போட்டு மாட்டினதுதான்னு உங்களுக்கே தெரியும். அதனால குழாயெல்லாம் சீம்லெஸ்தான் இருக்கணும், ஒட்டே இல்லாதது, ரெண்டரை மில்லி கனம். ஓகேவா மாமா?"

அவள் சொன்னது சரி. ஹெரால்டின் கூரையை எட்டுப் பத்து நட்டைக் கழற்றினால் தனியாகத் தூக்கி வைத்துவிடலாம். கார் உருண்டால் அந்தப் பெண்ணின் தலைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கப்போவது நான் செய்யும் கூண்டு மட்டும்தான். நான் பதில் குரல் அனுப்புவதில்லை. என் குரலை போனில் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். செய்த வேலையைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். அவள் கட்டைவிரல் படம் போடுவாள். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

குழாய் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டியது. வரவில்லை. புயல் என்று ஒரு கப்பல் நின்றது, அடுத்த கப்பலில் இடமில்லை என்றார்கள். இங்கே இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. சிமென்ட்டிலிருந்து வெங்காயம் வரை கப்பல் வந்தால்தான். கப்பல் வராதபோது இருப்பதை வைத்துச் செய்துகொள்வோம், 'சலேகா' என்போம். வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் இங்கே பொதுவான சொல் அது. ஓடும், சமாளிக்கலாம், பரவாயில்லை என்று அர்த்தம். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பஸ் சைலன்ஸருக்குச் சொல்லலாம், தப்பில்லை.

காரை ஏற்ற வேண்டிய கப்பலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கான்ட்ராக்டர் சென்னை போய் விமானத்தில் திரும்பி வந்தார். துண்டில் சுற்றி ஒரு குழாய் கொண்டுவந்தார். ஒரு மீட்டர் நீளம் இருக்கும்.

"இந்தா, புடி உன் சீம்லெஸ்ஸ. ஏர்போர்ட்டுல எம்புட்டுப் பாடு தெரியுமா? துப்பாக்கியான்னு கேக்குறான்."

"மிச்சம்ங்க?"

"மிச்சம் நம்மகிட்டயே கெடக்குல்ல."

வெளியே அவருடைய பிக்அப் நின்றது. அதில் நீட்டநீட்டமாகக் குழாய்கள். ஏதோ கட்டடத்தில் படிக்கட்டுக் கைப்பிடிக்கு வாங்கி மிஞ்சியவை. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். மூங்கில் மாதிரி லேசாக வந்தது. நுனியைப் பார்த்தால் கனம் பாதிதான். உள்ளே நீளத்துக்கு வெல்டிங் தழும்பு ஓடியது. இந்தக் குழாயை வளைத்தால் தழும்பு ஓரமாகவே விரியும்.

"அண்ணே, இது கைப்பிடி பைப்புங்க."

"பைப்பு பைப்புதானய்யா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு, ஒரே மொத்தம்."

"வெளியதாங்க ஒண்ணு. உள்ளுக்கு..."

"உள்ள எவன் பாக்கப் போறான்?" சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். சட்டப் புத்தகத்தில் கூண்டுப் படம் இருந்த பக்கம். "படிக்கத் தெரியாட்டியும் படத்தப் பாரு. இந்தப் பெரிய வளையத்துல, இந்த எடத்துல, சின்னதா ஒரு ஓட்ட போட்டு வச்சிருக்கணும். ரேஸ்காரன் அந்த ஓட்டையில கம்பி விட்டுக் கனத்த அளப்பான். அந்த எடத்துக்கு மட்டும் உன் ஒரு மீட்டரப் போடு. பாக்கிக்கு இதப் போடு. பெயின்ட்ட அடி. முடிஞ்சு போச்சு."

"இது ஆவாதுங்க அண்ணே" என்றேன்.

"ஏன் ஆவாது? ரேஸ் காரு வெயிட்டு கம்மியா இருந்தா நல்லதுதான? ஓட்ட போட்ட எடம் பாஸானா வண்டி பாஸு. கியூபு பாஸானா கட்டடம் பாஸு. முப்பது வருசமா நான் பாக்காத டெஸ்ட்டா?"

அந்த கியூபைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது.

கான்கிரீட் போடும் இடத்தில், போடுகிற கலவையிலிருந்தே கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் ஊற்றி, சாண் அளவில் சதுரக் கட்டி செய்து வைக்க வேண்டும். அதற்குத்தான் கியூப் என்று பெயர். ஒரு மாதம் தண்ணீரில் ஊறவைத்து, ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். அது தாங்கினால் கட்டடமும் தாங்கும் என்று கணக்கு. அவருடைய வேலையிடங்களில் இந்தக் கட்டிகளுக்கென்று தனிக் கலவை உண்டு. சிமென்ட்டைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டு, நல்ல ஜல்லி பொறுக்கிப் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலத் தட்டித் தட்டிச் செய்வார்கள். அங்கே தளத்துக்குப் போகிற கலவை கஞ்சியாக இருக்கும். கட்டி மட்டும் கல்லாக இருக்கும். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். இதற்கென்று கைதேர்ந்த ஒரு மேஸ்திரி இருந்தார். அவருக்கு அங்கே நல்ல மரியாதை.

நானும் பார்த்துக்கொண்டிருந்தவன்தான். ஒரு சின்ன ஜெட்டிக்கு அவருக்காகக் கைப்பிடி வெல்டிங் செய்தேன். இதே மெல்லிய குழாய். மூன்றாவது மழைக்காலத்தில், படகுக்குக் காத்திருந்த ஒரு வங்காளிக் கிழவி சாய்ந்தபோது கைப்பிடி அடியோடு மடிந்தது. கீழே படகு ஓரத்தில் விழுந்து இடுப்பு முறிந்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் அப்புறம் நடக்கவில்லை. உப்புக் காற்று என்று எழுதி முடித்தார்கள். வெல்டிங் விடவில்லை, குழாய்தான் மடிந்தது என்று எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த மனிதர் மகளை வெறுக்கிறவர் இல்லை. அவளுக்கு ஜுரம் என்றால் சென்னைக்கு ஓடுகிறவர். அவளைக் கொல்லப் பார்த்தார் என்று நான் சொல்லவே மாட்டேன். பரீட்சைக்கு வைக்கிற துண்டை மட்டும் நல்லதாகச் செய்து செய்து, பரீட்சை எதற்கு வைத்தார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கூண்டு என்றதும் அவர் கண்ணுக்கு அளக்கிற ஓட்டை தெரிந்தது. உள்ளே உட்காரப்போகிற மகள் தெரியவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் செய்ததைத் தன் பிள்ளைக்கும் செய்தார். கை அப்படிப் பழகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

நான் அந்தக் குழாயைத் தொடமாட்டேன் என்றேன். "தொடமாட்டேன்" என்றுகூடச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"ஊமக்கோட்டான் மாதிரி நிக்கிறதப் பாரு. சரி, நீ தரைத் தகரத்தப் பாரு. கூண்டுக்கு நான் ஆள் கொண்டாரேன்."

மறுநாளே குழாய் வளைக்கிற மிஷினோடு ஒரு வங்காளி வெல்டர் என் ஷெட்டுக்கு வந்தார். நல்ல கை. ஒரு மீட்டர் நல்ல குழாயைப் பெரிய வளையத்தின் இடது காலாக வைத்து, மேலே கைப்பிடிக் குழாயோடு சேர்த்து, சேர்த்த இடம் தெரியாமல் கிரைண்டரால் தேய்த்தார். நாலே நாளில் கூண்டு நின்றது. பார்க்க அழகாக இருந்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்ததும் இன்னும் அழகாகிவிட்டது. சட்டம் கேட்ட இடத்தில், சட்டம் கேட்ட அளவில் ஒரு ஓட்டை.

"தாதா, இஸ்மே லட்கீ பைட்டேகீ" என்றேன். இதற்குள் ஒரு பெண் உட்காரப்போகிறாள் என்று.

"உஸ்கா பாப் போலா, பாய்" என்றார். அப்பனே சொல்லிவிட்டானே, நமக்கென்ன என்று.

அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நாலு நாளும் போனைக் கையில் எடுத்தேன். மைக் படத்தை அமுக்கினேன், "பாப்பா" என்றேன், அதற்கு மேல் வரவில்லை. அழித்தேன். மறுபடியும் அமுக்கினேன். உன் அப்பா உன்னை ஏமாற்றுகிறார் என்பதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? கடைசியில் கைப்பிடிக் குழாயின் நுனியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கனம் தெரியட்டும், அவளே கேட்கட்டும் என்று. கேட்பாள் என்று அன்றைக்கு முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் படம் வந்தது. எல்லாம் சரி, நடக்கட்டும் என்று.

கப்பலுக்கு முந்தின நாள் காலையில் பூஜை என்று முடிவானது. அவளும் முதல்நாள் விமானத்தில் வந்துவிட்டாள். பத்தரைக்கு அப்பாவும் மகளும் இன்னும் சிலரும் வருவார்கள், தேங்காய் உடைத்து, ரோட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிற்பகலில் துறைமுகம். காலை ஒன்பது மணிக்கு நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவர் சீட்டைத் துடைக்க உள்ளே குனிந்தபோது தலைக்கு மேல் அந்த வெள்ளைக் குழாய் இருந்தது. விரலால் சுண்டினேன். தகர டப்பா மாதிரிச் சத்தம் கேட்டது. இடது காலைச் சுண்டினேன், சத்தமே இல்லை. மறுபடியும் மேலே சுண்டினேன். எத்தனை நேரம் அப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்று தெரியாது.

பிறகு டிரில்லை எடுத்துவந்தேன்.

வளையத்தின் உச்சியில் ஒன்று, வலது காலில் ஒன்று. பின்பக்கம் தாங்குகிற குழாய் இரண்டிலும். குறுக்கே போகிறதில். முன்கால் இரண்டிலும். கண்ணாடிக்கு மேலே ஓடுகிறதில். கதவுப் பக்கக் குழாய் இரண்டிலும். பெல்ட்டு மாட்டுகிற குழாயில். அவர்கள் கேட்ட ஓட்டை ஒன்று. நான் போட்டது பதினொன்று. வெல்டர் தன் மிஷினை எடுத்துப்போக வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "பாகல் ஹோ கயா க்யா?" என்று கத்தினார். பைத்தியமா என்கிறார். நான் நிறுத்தவில்லை. கடைசி ஓட்டையை நான் போட்டுக்கொண்டிருக்கும்போதே கார்கள் வந்து நின்றன.

கான்ட்ராக்டர் பட்டு வேட்டியில் இறங்கினார். கையில் தேங்காய்த் தட்டு. வெள்ளைப் பெயின்ட்டில் கறுப்புப் புள்ளிகளையும் தரையில் உதிர்ந்திருந்த இரும்புச் சுருளையும் பார்த்தார்.

"டேய்! என்னடா செஞ்சு வச்சிருக்க?"

முப்பது வருஷத்தில் என்னை அவர் 'டா' போட்டதில்லை. நான் டிரில்லைப் பிடித்தபடி நின்றேன்.

"வாயில என்னடா வச்சிருக்க? சொல்லுடா! நாளைக்குக் கப்பலு!"

அந்தப் பெண் முன்னால் வந்தாள். நேரில் அவளை நான் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை. "அப்பா, சும்மா இருங்க. மாமா, என்ன இது? எதுக்கு இவ்ளோ ஓட்ட?"

சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து வைத்திருந்தேன். அதை அவளிடம் கொடுத்தேன். ஓட்டைக்குள் விட்டுக் கொக்கியை உள்சுவரில் மாட்டி, வெளியே நகத்தால் அடையாளம் பிடித்து, வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதலில் இடது காலில் பார்த்தாள். இரண்டரை. பிறகு உச்சியில் பார்த்தாள். வெர்னியரைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அளந்தாள். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பதினொன்றையும் அளந்தாள். பூஜைக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றார்கள்.

"ஒன்னே கால்" என்றாள். "எல்லாமே ஒன்னே கால்."

"கப்பல் வரலம்மா" என்றார் அவர். "நேரமில்ல. கெடச்சதப் போட்டோம். அளக்குற எடத்துல சரியான கொழாய்தான் இருக்கு. ரேஸ்காரன் அந்த ஒரு ஓட்டையத்தான் பாப்பான். பாஸாயிரும்மா, எங்கிட்ட விடு."

"நீங்களா இதச் செய்யச் சொன்னீங்க?"

"பாஸாயிரும்னு சொல்றேன்ல!"

அவள் வெர்னியரைக் கீழே வைத்தாள். பிறகு கூண்டுக் குழாய்க்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு உள்ளே ஏறி, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். எஞ்சினைப் போட்டாள். சைலன்ஸர் இல்லாத சத்தத்தில் வயலில் நின்ற கொக்குகள் எழுந்தன. பக்கத்தில் சீட்டு கிடையாது, வெறும் தரைத் தகரம்தான். அதை அவள் கையால் தட்டினாள்.

"வாங்கப்பா. இங்க உக்காருங்க. அந்த ரப்பர் தோட்டத்து வளைவு வரைக்கும் போயிட்டு வருவோம். எண்பதுல திருப்புறேன்."

"வெளையாடாதம்மா. எறங்கு."

"ஏன்? பாஸான வண்டிதான?"

"பாப்பா, எறங்குன்னு சொல்றேன்!"

அவர் தட்டைக் கீழே போட்டார். எலுமிச்சம்பழம் உருண்டு காருக்கடியில் போனது. அவர் போய்க் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். ஓடுகிற காரை நிறுத்துகிறவரைப்போல இரண்டு கையாலும் பிடித்தார். கார் நகரவே இல்லை. அவருக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். முகம் அப்படியே வெளுத்துவிட்டது. அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

"கப்பல்ல புக் பண்ணத கேன்சல் பண்ணுங்க" என்றாள். "மாமா, இந்தக் கூண்ட அறுத்துப் போடுங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மாமா?"

"மூணு வாரமாங்க" என்றேன்.

"மூணு வாரமா! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்த. நான் நாலு மாசமா உங்ககிட்ட வாய் ஓயாமப் பேசிருக்கேன்."

"போட்டோ அனுப்பினேங்க."

"அந்தப் போட்டோவுல எனக்கு என்ன தெரியும்? பைப்பு நுனி. வேல நடக்குதுன்னு நெனச்சேன். நான் ஒருநாள் லேட்டா வந்திருந்தா? நீங்க இன்னைக்குக் காலைல பயந்து போயி டிரில்ல எடுக்காமலே இருந்திருந்தா?"

கான்ட்ராக்டர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அவள் கேட்ட இடத்தில் என் பக்கம் திரும்பியது. மூன்று வாரம் அவருக்குத் துணையாக இருந்தது என் வாய்தான். ஜெட்டியில் அந்தக் கிழவி விழுந்தபோதும் அதேதான்.

அந்த வருஷத்து ரேஸ் அவளுக்குத் தவறிப்போனது. குழாய் அடுத்த கப்பலுக்கும் அடுத்த கப்பலில் வந்தது. அவள் லீவு போட்டுவிட்டு வந்து, ஷெட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு துண்டையும் அறுத்ததும் வாங்கி அளந்த பிறகுதான் என்னை வெல்டிங் வைக்க விட்டாள். எனக்கு அது வருத்தமாக இல்லை. அப்பாவோடு அவள் போனில் பேசுவதை அப்போது நான் கேட்கவில்லை. கார் சென்னைக்குப் போய், அவள் முதல் ரேஸில் கடைசிக்கு முந்தினவளாக வந்தாள். பிரேக் சரியில்லை என்று குரல் அனுப்பினாள். கூண்டைப் பற்றி அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்க வேண்டாம்.

கார் போன பிறகு அறுத்த கைப்பிடிக் குழாய்களும், வளைக்காமல் மிஞ்சிய முழு நீளங்களும் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்தன. ஒரு சனிக்கிழமை காலை அந்த வங்காளி வெல்டர் கான்ட்ராக்டரின் பிக்அப்போடு வந்தார்.

"பாய், பைப் லே ஜானா ஹை" என்றார். குழாயை எடுத்துப்போக வேண்டும் என்று.

எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னார். மாடிப் படிக்கட்டாம். கைப்பிடி எவ்வளவு உயரம் என்று தன் வயிற்றுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். சின்னப் பிள்ளைகள், அவ்வளவு உயரம் போதும் என்று சிரித்தார்.

நான் உள்ளே போய் கிரைண்டரை எடுத்துவந்து, முழு நீளங்களை முழம் முழமாக அறுக்க ஆரம்பித்தேன். அவர் கத்தினார். நான் நிமிரவில்லை. போனைப் போட்டு என் காதருகே நீட்டினார். கான்ட்ராக்டர்.

"என்னய்யா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? அது எம் பைப்பு."

"அறுத்துட்டேங்க அண்ணே."

"எதுக்கு?"

"பிள்ளைங்க சாயுமுங்க."

அன்று காரின் கதவைப் பிடித்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"வேற பைப்பு வாங்கிக்கிறேன் போ. உனக்கென்ன நட்டம்?" என்று போனை வைத்தார்.

மகளுக்கு மட்டும் குழாயை மாற்றினார். அவ்வளவுதான் அவர் கற்றுக்கொண்டது. வேறு குழாய் வாங்குவார், அதுவும் ஒன்றே கால்தான் இருக்கும். நான் எத்தனையைத்தான் அறுக்க முடியும்?

திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஸ்போக் கம்பியும் வெர்னியரும் எடுத்துப் போனேன், ஆனால் பையிலேயே வைத்திருந்தேன். தலைமை ஆசிரியை ஒரு தெலுங்கம்மா. என் ஹிந்தி பாதி வழியில் நின்றது. முதல் தடவை நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.